களி என்று அச்சடித்த படிவம்

இன்றைக்கும் யாராவது என்னிடம் தரம், தரக்கட்டுப்பாடு என்று பேச்செடுத்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். எதிரில் இருப்பவர் பாவம், இந்த மனுஷன் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்று அவருக்குப் புரியாது. என் கோபமெல்லாம் ஓர் இருபத்து மூன்று வயதுக்காரன் மேல். எண்பதுகளின் பின்பாதியில், தர்மபுரிக்கு வெளியே பாலக்கோடு ரோட்டில், ஓர் அலுமினியப் பாத்திரத் தொழிற்சாலையின் டிசைன் செக்ஷனில் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தானே, அவன் மேல். அவன் வேறு யாருமில்லை, நான்தான்.

அப்போது எவர்சில்வர் வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்டது. எங்கள் அன்னக்கூடைகளும் குண்டான்களும் கோடவுனில் தூசி படிந்து கிடந்தன. முதலாளி மெட்ராஸிலிருந்து ஒரு புது மேனேஜரைக் கொண்டுவந்தார். நாற்பது வயது இருக்கும். சத்தமாகப் பேச மாட்டார், யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டார். ஜப்பான்காரர்கள் புதுச் சாமான் செய்கிற முறை என்று எதையோ வகுப்புக்குப் போய்ப் படித்துவிட்டு வந்திருந்தார். வந்த இரண்டாம் நாளே சுவர் முழுக்க சார்ட் பேப்பர் ஒட்ட வைத்துவிட்டார்.

அந்த முறை நல்ல முறை. அதை இப்போதும் ஒப்புக்கொள்வேன். நம் கம்பெனி ஆட்களை விட்டுவிட்டு, வெளியே பாத்திரத்தைப் புழங்குகிறவர்கள் சொன்னதை அவர்கள் வாய் வார்த்தையிலேயே, ஓர் எழுத்தும் மாற்றாமல், சார்ட்டின் இடது பக்கம் எழுத வேண்டும். நாம் அளந்து பார்க்கக்கூடியவை, அதாவது தகட்டின் கனம், எடை, கைப்பிடி நீளம் எல்லாம் மேலே. எதற்கும் எதற்கும் நெருங்கிய சம்பந்தமோ அங்கே இரட்டை வட்டம், சுமாரான சம்பந்தத்துக்கு ஒற்றை வட்டம், லேசாக இருந்தால் முக்கோணம். யோசனையிலிருந்து கடைக்குப் போகிற வரைக்கும் ஐந்து கட்டங்கள். ஒவ்வொன்றையும் அவர் கேட் என்பார். கையெழுத்து விழாமல் எந்தக் கேட்டும் திறக்காது. நான் சொக்கிப் போனேன். இப்படி ஒழுங்காக யோசிக்க முடியும் என்று பாலிடெக்னிக்கில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

என்ன பாத்திரம் செய்வது என்பதையும் அவரேதான் கண்டுபிடித்தார். இந்த மாவட்டத்தில் பாதி வீடுகளில் தினமும் கேழ்வரகுக் களி கிண்டுகிறார்கள். களிக்கென்று ஒரு பாத்திரம் எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. நாம் செய்வோம் என்றார். எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, ஒளிக்காமல் சொன்னார்: "இது பிடிச்சுக்கிச்சுன்னா பாலிஷ் செக்ஷன் நிலைச்சு நிக்கும். பிடிக்கலைன்னா பொங்கலோட அதை மூடிடணும்னு முதலாளி சொல்லிட்டார். உங்ககிட்ட மறைக்கறதுல எனக்கு விருப்பம் இல்ல."

பாலிஷ் செக்ஷனில் ஏழு பெண்கள். அதில் ஒருத்தர் எங்கள் ஊருக்குப் பக்கத்துக் குடியிருப்பு, பொம்மிடிப் பக்கம். நான் டவுசர் போட்ட காலத்தில் என் அம்மாவோடு கடலைக்காய் பிடுங்க வருவார். அவருடைய வீட்டுக்காரர் லாரி விபத்தில் இடுப்பொடிந்து படுத்துவிட்டார். இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் எட்டாவது. பஸ்ஸில் வரும்போது அக்கா என்னிடம் சொல்லிக்கொண்டே வருவார். "பெரியவ பத்தாவது எழுதற வரைக்கும் இந்த வேல நெலச்சாப் போதும் தம்பி. அதுக்கப்புறம் மூடுனா மூடட்டும், பூட்டுனா பூட்டட்டும்." பஸ்ஸில் நான் தம்பி. தொழிற்சாலைக்குள் சார்.

அப்படிப் பிரித்து வைத்ததும் நான்தான். சேலத்தில் ஹாஸ்டலில் இருந்தபோது முதல் வாரமே பையன்கள் என்னிடம் வீட்டில் என்ன சாப்பாடு என்று கேட்டார்கள். நான் வெள்ளந்தியாகக் களி என்றேன். மூன்று வருஷமும் எனக்கு அதுதான் பெயர். 'டேய் களி, இங்க வாடா.' அதிலிருந்து எவன் கேட்டாலும் சொந்த ஊர் சேலம் என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். தொழிற்சாலையிலும் அப்படித்தான். ஒரு மத்தியானம் மேனேஜர் மேஜையில் உட்கார்ந்து தயிர்சாதம் தின்றுகொண்டே, "களியெல்லாம் எனக்குத் தொண்டையில எறங்காது சார்" என்று வேறு சொன்னேன். காலையில் இரண்டு உருண்டைக் களியைக் கடலைச் சட்னியோடு விழுங்கிவிட்டு வந்த வாய் அது.

முதல் கேட்டுக்கு நான் பாலக்கோடு சந்தைக்குப் போனேன். காய்கறிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த பெண்களிடம் நோட்டை வைத்துக்கொண்டு கேட்டேன். சந்தையில் யாரும் யாருக்கும் விருந்தாளி இல்லை, அதனால் கொட்டித் தீர்த்தார்கள். "கிண்டறப்ப ஏனம் சுத்துதுங்க." "கட்டி கட்டியா நின்னுபோவுதுங்க." "அடிப் புடிச்சிக்கும்." "தோளு ரெண்டும் கழண்டு போவுது, அதுக்கு எதாவது பண்ணுங்க சாமி." எல்லாவற்றையும் அப்படியே எழுதினேன். மேனேஜர் படித்துவிட்டு என் முதுகில் தட்டினார். ஏனம், அதாவது பாத்திரம், சுற்றக்கூடாது என்பதற்கு நேராக இரட்டை வட்டம் விழுந்தது.

ஆனால் ஒன்றை மட்டும் அந்தப் பெண்கள் சொல்லவில்லை. தண்ணீர் கொதித்து, மாவு போட்டு வெந்ததும், பாத்திரத்தை அடுப்பிலிருந்து தரையில் இறக்கிவிடுவார்கள். விளிம்பில் ஒரு கவட்டைக் குச்சியைக் கொடுத்து, அதன் இரண்டு நுனியையும் இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு, குனிந்து, முதுகின் முழு பலத்தையும் துடுப்பில் இறக்கிக் கிண்டுவார்கள். இது இங்கே பிறந்த கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிந்ததை யார் சொல்லுவார்கள்? தெரியாதவர் மேனேஜர் ஒருத்தர்தான். டிராயிங் போடுகிறவர் கேரளத்துக்காரர், அவருக்கும் தெரியாது. தெரிந்த நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் வரைந்தது இதுதான்: கனமான அடி. அடுப்பின் மேலேயே உட்கார்ந்து பாத்திரத்தைக் கவ்விப் பிடிக்கிற ஓர் இரும்பு வளையம், இறுக்க ஒரு திருகு, பிடித்துக்கொள்ள நீளக் கைப்பிடி. இறக்கவே வேண்டாம், அடுப்பின் மேல் வைத்தே கிண்டலாம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மேனேஜர் வெறும் பாத்திரத்தில் துடுப்பைச் சுழற்றிக் காட்டினார். அது அசையவே இல்லை.

மாதிரிப் பாத்திரத்துக்குப் பாலிஷ் போட்டது அந்த அக்காதான். தண்ணிக் குழாயடியில் என்னை மடக்கினார். "என்னா தம்பி இது? அடுப்பு மேல வெச்சா களி கிண்டுவாங்க? கைய ஊனவே முடியாதே. ரெண்டு நாள்ல அந்தத் திருகு லூசாயிடும், ஏனம் சுத்தும், அப்புறம் கைப்பிடி புடுங்கிக்கும். நீ சொல்லக் கூடாதா?"

"சொல்றேன்க்கா. மீட்டிங்ல சொல்றேன்."

சொல்லவில்லை. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஒன்று இருந்திருந்தால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவாவது இருந்திருக்கும். எனக்கு நானே ஒரு சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன். அடுத்த கேட் பரிசோதனைதானே, வீடுகளில் கொடுத்துப் பார்க்கப் போகிறோம், குறை இருந்தால் அங்கே தானாகத் தெரிந்துவிடும், நான் எதற்கு வாயைக் கொடுக்க வேண்டும்? முறைதான் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும்.

மாரண்டஹள்ளியைச் சுற்றிப் பன்னிரண்டு வீடுகளுக்கு ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்து நான் ஜீப்பில் போய், அவர்கள் சமைப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்து, படிவத்தை நிரப்ப வேண்டும். வருகிற நாளை முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டும் என்பது மேனேஜரின் மரியாதை. படிவத்தை அவரே தயார் செய்திருந்தார். 'சமைத்த உணவு' என்ற இடத்தில் 'களி' என்று அச்சே அடித்திருந்தார். களிப் பாத்திரத்தில் வேறு எதைச் சமைக்கப் போகிறார்கள்?

முதல் வீட்டில் பாத்திரத்தைத் தூக்கித் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒரு பொட்டுக் கரி இல்லை. கடையிலிருந்து இப்போதுதான் வந்ததுபோல் பளபளவென்று இருந்தது. அடுப்பில் வைத்து, அதில் அரிசி களைந்து போட்டுக்கொண்டிருந்தார் அந்த வீட்டுப் பெண்மணி.

"இத்தன நாள் இதுல களி கிண்டலீங்களா?" என்று கேட்டேன்.

"புது ஏனத்த எடுத்துக் கரியாக்குவாங்களா? பொண்ணு சீருக்கு ஆவும்னு எடுத்து வெச்சிருந்தனுங்க. இன்னிக்கு நீங்க வரீங்கன்னுதான் எறக்குனேன்."

"இப்பவாவது களி..."

"அய்யோ சாமி! ஆபீசரு வூட்டுக்கு வந்திருக்கீங்க, உங்களுக்குப் போயி களியப் போட்டா ஊரே காறித் துப்புமுங்க. உக்காருங்க, நெல்லுச் சோறு ஆயிட்டு இருக்குது."

பன்னிரண்டு வீட்டிலும் நெல்லுச் சோறு. ஒரு வீட்டில் அரிசி இல்லாமல் பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கிப் பொங்கினார்கள். கஞ்சி வடிக்க அந்த நீளக் கைப்பிடி ரொம்ப வசதி என்று சொன்னார்கள். பாத்திரம் சுற்றியதா என்றால் இல்லை. அடிப்பிடித்ததா, இல்லை. திருப்தியா, ரொம்பத் திருப்திங்க. வந்தவன் கொண்டுவந்து கொடுத்த பொருளை அவன் முகத்துக்கு நேரே குறை சொல்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது.

'எனக்குக் களிதாங்க பிடிக்கும், நம்ம வூட்டுல தினம் அதுதான், களி கிண்டிப் போடுங்க' என்று ஒரே ஒரு வீட்டில் சொல்லியிருந்தால் போதும். அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே பாத்திரத்தைத் தரையில் இறக்கி வைத்திருப்பார், அந்த நிமிஷமே எல்லாம் வெட்டவெளிச்சமாகியிருக்கும். ஆனால் ஜீப் டிரைவர் வாசலில் நின்றான். நான் களி தின்பதைப் பார்த்தால் போய்ச் சொல்லிச் சிரிப்பான். நான் இலையில் போட்ட சோற்றைத் தின்றேன். 'களி' என்று அச்சடித்ததற்கு எதிரே ஒரு டிக் போட்டேன். பன்னிரண்டு படிவம், பன்னிரண்டு டிக். சே, எழுதும்போதே கை கூசுகிறது.

மூன்றாவது கேட் கூட்டத்தில் மேனேஜர் படிவங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். என்னவோ அவருக்கு உறுத்தியது. "எல்லாரும் இவ்வளவு நல்லா சொல்றாங்களே" என்றார். பாலிஷ் போட்ட பாத்திரங்களை மேஜையில் அடுக்க அந்த அக்கா உள்ளே வந்திருந்தார். மேனேஜர் பொதுவாகக் கேட்டார், "நானே ஒரு தடவை கண்ணால பாத்துடறேனே. நம்ம ஆளுங்கள்ல யாருக்காவது களி கிண்டத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும்ங்க சார்" என்றார் அக்கா. "மாவு வாங்கியாந்தா இப்பவே கிண்டிக் காட்றனுங்க. இதுல ஒரு தப்பு இருக்குதுங்க."

மேனேஜரின் முகம் மலர்ந்தது. அக்கா கிண்டினால் கால் மணி நேரத்தில் குட்டு உடைந்துவிடும். அப்புறம் அந்தப் பன்னிரண்டு டிக் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். நான் எழுந்து நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு தெளிவாக, அவ்வளவு கோர்வையாக நான் பேசியதே இல்லை.

"சார், நம்ம தொழிலாளிங்க சொல்றதை எடுத்துக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. அவங்களுக்கு இதுல வேலை சம்பந்தப்பட்டிருக்கு, நடுநிலையா இருக்காது. வெளியாளுங்க சொன்னதைத்தான் எடுக்கணும். பன்னெண்டு வீட்லயும் நான் நேர்ல இருந்து பாத்திருக்கேன்."

"களி செஞ்சுதானே பாத்தீங்க?"

"ஆமா சார்."

மேனேஜர் படிவங்களை அடுக்கி மூடி வைத்தார். பிறகு அக்காவைப் பார்த்து, "அவர் சொல்றது சரிம்மா. முறைன்னு ஒண்ணு வெச்சா அதன்படி போகணும்" என்று தன்மையாகச் சொன்னார். பேனாவை எடுத்தார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், பஸ்ஸில் வைத்தாவது. திட்டவில்லை. அன்றிலிருந்து பஸ்ஸில் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

தீபாவளிக்குப் பாத்திரம் கடைக்குப் போனது. பாலக்கோடு, மாரண்டஹள்ளி, தீர்த்தமலைக்குப் போகிற கூட்டத்தை நம்பி அரூரிலும் கொடுத்தோம். முதல் பத்து நாள் நன்றாக ஓடியது. மேனேஜர் எல்லாருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். கார்த்திகை பிறந்ததும் திரும்பி வர ஆரம்பித்தது. அக்கா குழாயடியில் சொன்ன வரிசையிலேயே எல்லாம் நடந்திருந்தது, முதலில் திருகு, அப்புறம் பாத்திரம் சுற்றியது, கடைசியில் கைப்பிடி. பாலக்கோட்டுக் கடைக்காரர் ஒரு கோணி நிறையக் கொண்டுவந்து வாசலில் கொட்டிவிட்டு, "இதுல களி கிண்டறதுக்கு நாலு ஆளு வேணும்ங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தவறு எங்கே என்று தேடவும் அந்த முறையில் வழி இருந்தது. ஏன் என்று ஐந்து தடவை கேட்க வேண்டும். மேனேஜர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனார். கைப்பிடி ஏன் பிடுங்கியது? பாத்திரம் சுற்றியதால். ஏன் சுற்றியது? கிண்டும் வேகத்துக்குத் திருகு தாங்கவில்லை. அது ஏன் முன்பே தெரியவில்லை? பரிசோதனை வீடுகளில் அப்படி நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை? சாக்கட்டி அந்த இடத்தில் நின்றது. அவர் திரும்பி என்னைத்தான் பார்த்தார். சந்தேகப்படவில்லை, உதவி கேட்டார். நான் படிவக் கட்டை எடுத்து, எதையோ தேடுவதுபோல் புரட்டினேன். கடைசியில் அவரே எழுதினார்: 'பயன்படுத்தியவர்கள் உண்மையைச் சொல்லவில்லை.' ஐந்தாவது ஏனை அவர் கேட்கவே இல்லை. அந்தத் தாளிலும் நான் கையெழுத்துப் போட்டேன்.

பொங்கலோடு பாலிஷ் செக்ஷன் மூடப்பட்டது. ஏழு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறிப் போனார்கள். நான் அன்றைக்கு லீவு போட்டிருந்தேன். என் வேலைக்கு ஒரு கீறலும் விழவில்லை. அடுத்த வருஷம் ஓசூரில் இதைவிட நல்ல இடம் கிடைத்தது. அங்கே என்னை எதற்கு எடுத்தார்கள் என்றால், எனக்கு இந்த முறை தெரியும் என்பதற்காக.

இரண்டு வருஷம் அதைச் சுமந்தேன். நான் இல்லாவிட்டாலும் செக்ஷனை மூடியிருப்பார்கள் என்று பகலெல்லாம் எனக்கு நானே வாதாடுவேன். அக்கா அந்த மேஜை முன் வாயைத் திறந்தது ஞாபகம் வந்தால் வாதமெல்லாம் பொசுக்கென்று போய்விடும். ஒரு மாசிமாத ஞாயிற்றுக்கிழமை, இனிமேல் முடியாது என்று பொம்மிடிக்கு ரயிலேறினேன். ஸ்டேஷனிலிருந்து அவருடைய குடியிருப்புக்கு நடந்தேன். பழைய மேனேஜர் வேலையை விட்டு ஊருக்கே போய்விட்டார் என்று அப்போதே கேள்விப்பட்டிருந்தேன். சொல்ல வேண்டியவர் இவர் ஒருத்தர்தான் பாக்கி.

அக்கா வாசலில் உட்கார்ந்து கூலிக்குப் புளி தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெரியவள், கையில் சின்னச் சுத்தியல், தலையில் துண்டு. ஒன்பதாவதோடு நிறுத்திவிட்டார்களாம். நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் வழி காட்டும்போதே சொல்லியிருந்தார்.

"வா தம்பி" என்றார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஹாஸ்டல், அரிசிச் சோறு, பன்னிரண்டு டிக், ஆமா சார் என்றது, ஐந்தாவது ஏன், ஒன்றைக்கூட விடவில்லை. சொல்லும்போதே அழுதுவிட்டேன். அக்கா கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஓட்டை உடைப்பார், கொட்டையைத் தனியாகப் போடுவார், சதையைத் தனியாகப் போடுவார்.

"நீ களி திங்கறவன்னு தெரிஞ்சிருந்தா அவங்க உன்ன என்னா பண்ணியிருப்பாங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டாங்கக்கா."

"சிரிச்சிருப்பாங்களா?"

"அந்த மேனேஜர் சிரிக்கறவர்கூட இல்ல."

அக்கா தலையை ஆட்டினார். கையில் ஒட்டியிருந்த புளியைக் கல்லில் வழித்துத் தேய்த்தார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் தம்பி. தெரியாம ஒண்ணும் பின்னால போயி உக்காரல. இப்ப நீ வந்து சொல்லிட்ட, அழுதுட்ட, உம் பாரம் எறங்கிச்சு. நீ நல்லா இரு. ஆனா நான் இத வெச்சிக்கிட்டு என்னா பண்ணட்டும், சொல்லு."

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார், பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அடுத்த கூடைப் புளியை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தாள்.